தடமும் தடமின்மையும்: சாலைக்கு அப்பாலான வாகனப் பயணத்தில் கல்வியால் எதைக் காக்க முடியும்?

பொதுநிலத்தில் பொழுதுபோக்காக வாகனம் ஓட்டுவோருக்கு நிலத்தைக் கெடுக்காமல் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட முடியுமா, அல்லது கற்பித்தலால் ஆகாத இடத்தில் வேலியும் தண்டமும்தான் பயன் தருமா என்ற கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கு மாநிலங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அது அங்கே கூர்மை பெற்றதற்கு நிலவுடைமையே முதற்காரணம். கூட்டாட்சி அரசின் நிலமேலாண்மைச் செயலகத்திடம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரும், வனத்துறையிடம் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கரும் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி வேலியற்றது, மக்கள் நடமாட்டம் குறைந்தது, ஒரு காவலர் கண்காணிக்கக்கூடிய பரப்பைவிடப் பல மடங்கு விரிந்தது. ஆளில்லாத நிலத்தில் ஓட்டுநரின் மனச்சான்றைத் தவிர வேறு காவல் இல்லை என்பதால் கல்வியின் மீது நம்பிக்கை வளர்ந்தது. அதே நிலம் ஒருமுறை கெட்டால் எளிதில் மீளாதது என்பதால் அந்த நம்பிக்கை போதாது என்ற ஐயமும் கூடவே வளர்ந்தது.

அறவுணர்வை வளர்த்தல், சட்டத்தால் கட்டுப்படுத்தல், பாதை வடிவமைப்பால் தவறுக்கு வாய்ப்பில்லாமல் செய்தல், ஓட்டும் திறனைக் கூட்டுதல் என்று இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று மறுப்பனவாகவே முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றை நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை நிலத்தையும் வெவ்வேறு வகை ஓட்டுநரையும் மனத்தில் வைத்துப் பேசுவது தெரியவரும். கருத்து வேறுபாட்டின் கணிசமான பகுதி அங்கிருந்தே பிறக்கிறது என்று கருத இடமுண்டு.

சொல்லிலேயே தொடங்கும் சிக்கல்

‘ஆஃப் ரோடு’ என்ற வழக்கு இரண்டு வேறுபட்ட செயல்களைச் சுட்டுகிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஏற்கெனவே உள்ள மண்பாதையிலோ கைவிடப்பட்ட சுரங்கப்பாதையிலோ காட்டுப்பாதையிலோ செல்வது ஒன்று. பாதையே இல்லாத நிலத்தில் செடியையும் மண்ணையும் மிதித்துச் செல்வது மற்றொன்று. இக்கட்டுரையில் முன்னது தடவழிப் பயணம் என்றும் பின்னது தடமற்ற பயணம் என்றும் குறிக்கப்படும். 1970களின் அரசு ஆணைகளில் ‘ஆஃப் ரோடு வாகனம்’ என்ற தொடரே இருந்தது. பின்னர் அரசுத் துறைகளும் வாகனத் தொழிலும் ‘ஆஃப் ஹைவே வாகனம்’, அதாவது நெடுஞ்சாலைக்கு அப்பாலான வாகனம், என்ற தொடருக்கு மாறின. இதை வெறும் சொல்மாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் தொடர் சாலையே வேண்டாம் என்கிறது. இரண்டாவது, நெடுஞ்சாலை இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு பாதை உண்டு என்று குறிப்பால் உணர்த்துகிறது.

பொறுப்பான பயணம் குறித்த கல்வி முயற்சிகள் யாவும், தடமற்ற பயணத்தின் கவர்ச்சியால் வாகனம் வாங்கியவரைத் தடவழிப் பயணியாக மாற்றும் முயற்சிகளே. விற்பனை விளம்பரம் ஊட்டிய ஆசையை வகுப்பறையில் தணிக்க வேண்டிய நிலை வேறு பொழுதுபோக்குகளில் இந்த அளவுக்கு இல்லை எனலாம். சேற்றையும் ஓடைநீரையும் வாரியிறைத்துக்கொண்டு பாயும் வண்டியின் படம் கற்பிப்பது ஒன்று, பாடநூல் கற்பிப்பது வேறொன்று. இரண்டில் எது முதலில் சென்று சேர்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி வந்த வழி

இயந்திர வாகனத்துக்கும் காட்டுநிலத்துக்கும் இடையிலான உரசல் ஜீப்பைவிடப் பழையது. 1935இல் ஆல்டோ லியோபோல்ட், பாப் மார்ஷல், பெண்டன் மெக்காய் முதலியோர் ‘வில்டர்னஸ் சொசைட்டி’ என்ற கானகக் காப்புச் சங்கத்தை நிறுவியதற்கு மரவெட்டும் சுரங்கமும் மட்டும் காரணமல்ல. காரும் காருக்காகப் போடப்பட்ட சாலைகளுமே முதன்மையான தூண்டுதல் என்று வரலாற்றாசிரியர் பால் சட்டர் 2002இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். லியோபோல்டின் மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் நிலஅறம் என்ற கருத்து இடம்பெற்றது. மனிதர்க்கிடையிலான கடமையுணர்வை மண்ணுக்கும் நீருக்கும் தாவரத்துக்கும் விலங்குக்கும் நீட்டிப்பதே அதன் சாரம். கல்வியால் நடத்தை மாறும் என்போர் இவரைத் தம் முன்னோடியாகக் கொள்வதுண்டு. ஆனால் தம் காலத்துப் பாதுகாப்புக் கல்வி குடிமக்களிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை என்று அதே தொகுப்பில் அவர் குறைபட்டதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைத்துறை ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1950களில் யுரேனியம் தேடியவர்கள் யூட்டா மாநிலத்தின் செம்பாறை நாட்டில் வெட்டிய பாதைகள், தேடல் ஓய்ந்தபின் உல்லாசப் பயணிகளின் பாதைகளாயின. அப்பகுதியின் மோவாப் நகரில் ஈஸ்டர் விடுமுறைக்கால ஜீப் பயணவிழா 1967இல் தொடங்கியது. அதே ஆண்டு தொடங்கிய பார்ஸ்டோ–லாஸ் வேகஸ் மோட்டார் சைக்கிள் பந்தயம் மொஹாவி பாலைவனத்தைக் குறுக்கே கடந்தது. 1974இல் ஏறத்தாழ 3,000 பேர் அதில் ஓட்டினர். அந்த ஆண்டின் சேதத்தை நிலமேலாண்மைச் செயலகம் மதிப்பிட்ட பிறகு 1975இல் பந்தயத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1983இல் மீண்டும் தொடங்கிய அப்பந்தயம் 1989க்குப் பின் நடைபெறவில்லை. 1990இல் மொஹாவிப் பாலைவன ஆமை அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாக அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே 1972இல் குடியரசுத் தலைவர் நிக்சன் பிறப்பித்த 11644ஆம் ஆணை, மண், நீர்ப்பிடிப்பு, தாவரம், காட்டுயிர் ஆகியவற்றுக்கு நேரும் கேட்டையும் பிற பயனாளிகளோடான பூசலையும் இயன்றவரை குறைக்கும் வகையில் வாகனம் செல்லத்தக்க இடங்களைக் குறித்துக் கொடுக்குமாறு துறைகளைப் பணித்தது. 1977இல் கார்ட்டர் அதைத் திருத்தி, கணிசமான கேடு நேர்வதாகத் தெரிந்தால் அந்த இடத்தை உடனடியாக மூடும் கடமையையும் சேர்த்தார். 1979இல் சுற்றுச்சூழல் தர மன்றத்துக்காக டேவிட் ஷெரிடன் எழுதிய அறிக்கையும், 1983இல் ராபர்ட் வெப், ஹாவர்ட் வில்ஷையர் இருவரும் தொகுத்த நூலும் சேதத்தின் இயல்பை அறிவியல் அடிப்படையில் விரித்துரைத்தன. கல்வியியக்கம் உருப்பெற்றது இவற்றுக்குப் பிறகே. சட்டம் முன்பே இருந்தது, அறிவும் ஓரளவு சேர்ந்துவிட்டது, நடத்தைதான் மாறவில்லை என்ற நிலையில் அது பிறந்தது.

மண் எப்படிக் கெடுகிறது

கல்வியின் பயனை மதிப்பிடுமுன், எதைத் தடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிவது இன்றியமையாதது. டயரின் அழுத்தத்தால் மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் நெருங்குகின்றன. இதுவே மண் இறுக்கம். துளைகள் நெருங்கிய மண்ணில் நீர் உள்ளிறங்குவது குறைந்து மேற்பரப்பில் வழிந்தோடுகிறது, சக்கரப்பள்ளம் வாய்க்காலாகிறது, அடுத்த மழையில் வாய்க்கால் ஓடையாகிறது. மணலும் வண்டலும் களியும் கலந்த மண் ஈரமாக இருக்கும்போது இந்த இறுக்கம் மிகுதி. ஒரே சீரான துகள் கொண்ட மணலில் குறைவு. நேராகவும் சீராகவும் செல்லும் வண்டியைவிடத் திரும்பும் வண்டியும், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுழலும் வண்டியும் மண்ணைப் பக்கவாட்டில் அறுத்துப் புரட்டுவதால் அதிகம் கெடுக்கின்றன.

வறண்ட நிலங்களில் இதற்கும் மேலான ஒரு நுட்பம் உண்டு. அங்கே செடிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் போலத் தோன்றும் தரை பெரும்பாலும் வெற்றிடமன்று. நீலப்பச்சை நுண்ணுயிர்கள், பூஞ்சைப்பாசிகள், பாசிகள் ஆகியவை மண்துகள்களைப் பிணைத்து உருவாக்கிய ஓர் உயிர்ப்படலம் அது. உயிர்மண் மேலோடு எனத்தக்க இப்படலம் காற்றரிப்பைத் தடுக்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. ஈரத்தில் நெகிழும் இது, ஆண்டின் பெரும்பகுதி நிலவும் வறட்சியில் நொறுங்கும் தன்மையுடையது. ஜேன் பெல்னாப் முதலிய ஆய்வாளர்கள் கொலராடோ பீடபூமியில் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகள், ஒருமுறை மிதிபட்டாலே இது குலைந்துவிடும் என்பதையும், மெல்ல வளரும் பூஞ்சைப்பாசிகள் திரும்ப மிக நீண்ட காலம் தேவைப்படும் என்பதையும் காட்டின. மொஹாவியில் 1942இல் ஜெனரல் பாட்டன் நிறுவி 1944 வரை இயங்கிய பாலைவனப் பயிற்சிக் களத்தின் டாங்கித் தடங்கள் இன்றும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. இறுகிய பாலைமண் தளர்வதற்கு ஒரு நூற்றாண்டு அளவிலான காலம் வேண்டும் என்பது அங்கு செய்யப்பட்ட அளவீடுகளின் பொதுவான முடிவு.

பொழுதுபோக்குச் சூழலியல் என்ற துறையில் டேவிட் கோல் போன்றோர் நிறுவிய ஒரு கருத்து இங்கே மையமானது. பயன்பாடு கூடக்கூடச் சேதமும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. முதற்சில மிதிப்புகளிலேயே சேதத்தின் பெரும்பகுதி நேர்ந்துவிடுகிறது. அதன்பின் நூறு பேர் சென்றாலும் ஆயிரம் பேர் சென்றாலும் வேறுபாடு சிறிது. இதன் விளைவைக் கற்பனைக் கணக்கொன்றால் விளக்கலாம். ஓரிடத்தில் நூறு ஓட்டுநரில் நாற்பது பேர் தடத்தை விட்டு விலகுகிறார்கள் என்று கொள்வோம். மிகச் சிறந்த கல்வித்திட்டம் அந்த நாற்பதை நான்காகக் குறைத்துவிடுகிறது. கல்வியாளரின் கணக்கில் இது பெருவெற்றி. விரைவில் தழைக்கும் புல்வெளியில் நிலத்தின் கணக்கிலும் அது வெற்றியாக இருக்கக்கூடும். உயிர்மண் மேலோட்டில் அந்த நால்வர் போட்ட நான்கு கோடுகளே பல பத்தாண்டுகளுக்கு அழியாமல் நிற்பதோடு, அடுத்து வருபவருக்கு இங்கே ஒரு பாதை இருக்கிறது என்று தவறாக அறிவிக்கவும் செய்யும். நடத்தை மாற்றத்தின் சராசரியும் நிலச்சேதத்தின் சராசரியும் ஒரே அளவுகோலில் நகர்வதில்லை என்ற இந்தப் பொருத்தமின்மையைக் கல்வி பற்றிய எழுத்துகள் போதிய அளவு கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

தடம் மறைந்தால் சேதம் இல்லை என்று தலைகீழாக முடிவு கட்டுவதும் பிழையே. கலிபோர்னியாவின் அல்கோடோன்ஸ் மணற்குன்றுகளில் காற்று சக்கரச்சுவடுகளை விரைவில் அழித்துவிடுகிறது; ஆயினும் அக்குன்றுகளில் வளரும் பியர்சன் பால்வெட்ச் என்ற அவரைக் குடும்பச் செடி 1998இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது.

அறத்தைக் கற்பித்தல்

அமெரிக்க வனத்துறை 1985இல் தொடங்கிய ‘டிரெட் லைட்லி’, அதாவது ‘மெல்ல மிதி’ என்னும் திட்டம், கல்வி நிலைப்பாட்டின் நிறுவன வடிவம். 1990இல் அது இலாபநோக்கற்ற தனி அமைப்பாயிற்று. அதன் இன்றைய நெறிகள் ஐந்து: பொறுப்போடு பயணம் செய்தல், பிறர் உரிமையை மதித்தல், முன்கூட்டியே கற்றறிந்து செல்லுதல், எளிதில் கெடும் இடங்களைத் தவிர்த்தல், தன் பங்கைச் செய்தல். நடைபயணிகளை முதன்மையாகக் கருதி 1994இல் தனியமைப்பாகிய ‘லீவ் நோ டிரேஸ்’ சுவடே விடாதே என்று கேட்கிறது. ‘டிரெட் லைட்லி’யோ மெல்ல மிதி என்று மட்டுமே கேட்கிறது. வண்டிச்சக்கரம் சுவடின்றிச் செல்லாது என்ற நேர்மை இதில் இருப்பதாகவும் கொள்ளலாம், தொடக்கத்திலேயே தரத்தைத் தாழ்த்திக்கொண்டதாகவும் கொள்ளலாம்; இருவகை வாசிப்பும் புழக்கத்தில் உள்ளன.

இந்நிலைப்பாட்டின் கோட்பாட்டு அடித்தளம், கானக மேலாண்மை பற்றிய ஜான் ஹெண்டீ முதலியோரின் பாடநூல் பரவலாக்கிய ஒரு பாகுபாட்டில் உள்ளது. தவறுகளை அது சட்டமீறல், கவனமின்மை, திறனின்மை, அறியாமை, தவிர்க்கவியலாமை என ஐவகைப்படுத்துகிறது. வேண்டுமென்றே மீறுபவரிடம் பாடம் எடுபடாது. தவிர்க்கவே முடியாத தாக்கத்துக்கும் பாடம் உதவாது. இடையிலுள்ள மூன்றுக்கும், குறிப்பாக அறியாமைக்கு, கல்வியே தக்க மருந்து. ஈரப்பாதையில் சென்றால் மண் இறுகும் என்பதோ, பாதையில் தேங்கிய நீரைச் சுற்றிச்செல்லும் ஒவ்வொரு வண்டியும் பாதையை அகலப்படுத்துகிறது என்பதோ, முந்தைய ஊரில் சக்கரத்தில் ஒட்டிய களைவிதை அடுத்த பள்ளத்தாக்கில் முளைக்கும் என்பதோ சொல்லித்தந்தால் ஒழியப் புதியவருக்குத் தெரிய வழியில்லை. செலவு குறைவு, பகைமையை வளர்க்காது, காவலர் இல்லாத இடத்திலும் உடன் செல்லும் என்ற மூன்று வலிமைகளைக் கல்வியின் ஆதரவாளர்கள் சுட்டுவர். அவை மறுக்கத்தக்கவை அல்ல.

இவ்வியக்கத்தின் ஆதரவாளர்களில் வாகனத் தயாரிப்பாளர்கள் இருப்பது விமர்சகர்கள் முன்வைக்கும் வழக்கமான குறை. தடைவிதிப்பைத் தள்ளிப்போடும் கேடயமாகத் தொழில்துறை கல்வியைப் பயன்படுத்துகிறது என்பது அவர்கள் வாதம். நோக்கம் எதுவாயினும் விளைவை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது மறுதரப்பின் பதில். விளைவு என்ன என்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

அறிந்தும் மீறுவோர்

2001இல் கொலராடோவில் பொறுப்பான ஓட்டுதலை வளர்ப்பதற்கான கூட்டணியொன்றின் பொருட்டுச் செய்யப்பட்ட சந்தை ஆய்வு, எதிர்பாராத முடிவுக்கு வந்தது. தடத்தை விட்டு விலகக் கூடாது என்பது ஓட்டுநரில் பெரும்பாலோருக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் அவர்களில் பலர் அவ்வப்போது விலகினர். ஆகவே மேலும் தகவல் தருவதால் மட்டும் நடத்தை பெரிதும் மாறாது என்றது அவ்வாய்வு. அதே காலத்தில் யூட்டாவில் பதிவுபெற்ற வாகன உரிமையாளரிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், ‘ஏடிவி’ எனப்படும் நான்கு சக்கரத் திறந்தவண்டி ஓட்டுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தடத்துக்கு வெளியே ஓட்டுவதையே விரும்புவதாகக் கூறினர். இத்தகைய எண்கள் ஓட்டுநர்கள் தாமே சொன்னவற்றின் அடிப்படையிலானவை என்பதையும், இரு மாநிலங்களின் ஒரு காலகட்டத்தைச் சார்ந்தவை என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். எனினும் மீறலுக்கு அறியாமையே வேர் என்ற எடுகோளை அவை வலுவாக அசைக்கின்றன. ஹெண்டீயின் பாகுபாட்டில் கல்வி எட்டாத முதல்வகை, கல்வியாளர்கள் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கலாம்.

கற்பிக்கும் முறையே எதிர்விளைவு தரக்கூடும் என்பதையும் சமூக உளவியல் காட்டியுள்ளது. அரிசோனாவின் கல்மரக்காட்டுத் தேசியப் பூங்காவில் ராபர்ட் சியால்டினியும் உடனாய்வாளரும் செய்த சோதனையில், பலரும் கல்மரத் துண்டுகளை எடுத்துச்சென்றதால் காடு மாறிவிட்டது என்று வருந்திய பலகை இருந்த பாதையில், அடையாளமிட்டு வைக்கப்பட்ட துண்டுகளில் 7.92 விழுக்காடு களவுபோயின. துண்டுகளை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பலகை இருந்த பாதையில் 1.67 விழுக்காடே போயின. எல்லோரும் செய்கிறார்கள் என்ற புலம்பல், எல்லோரும் செய்வதுதான் என்ற அனுமதியாகப் படிக்கப்படுகிறது. சோதனை வாகனம் பற்றியதல்ல. ஆயினும், கெட்டுப்போன புல்வெளியின் படத்தைப் போட்டு இத்தனை பேர் இப்படிச் செய்கிறார்கள் என்று அங்கலாய்க்கும் பரப்புரைகள் ஓட்டுநர்க்கான கல்வியிலும் மலிந்திருப்பதால் இதைப் புறக்கணிக்க முடியாது. தரையில் கிடக்கும் விலகல்தடமும் ஒருவகைப் பலகையே. முன்னே சிலர் இவ்வழி சென்றார்கள் என்று அது எந்த நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதற்குக் கல்வித்தரப்பிலிருந்து எழுந்த திருத்தம், சக ஓட்டுநர் வழியிலான ஒழுங்கு. அதிகாரி சொல்வதைவிடத் தன் குழுவின் மூத்த ஓட்டுநர் சொல்வதையே புதியவர் ஏற்பார் என்பதால், ஜீப் சங்கங்களையும் தன்னார்வப் பாதைக்காவலர்களையும் ஆசிரியர்களாக்குவது அதன் வழி. சங்கத்தில் சேர்பவர் ஏற்கெனவே அக்கறையுள்ளவர், சேராதவரை இது எட்டாது என்பதே அதன் எல்லை.

சட்டம், வரைபடம், மறைப்பு

2000களின் தொடக்கத்தில் வனத்துறைத் தலைவர் டேல் பாஸ்வொர்த், காட்டுத்தீ, அயல் இனங்கள், திறந்தவெளி இழப்பு ஆகியவற்றோடு மேலாண்மையற்ற பொழுதுபோக்கையும் தேசியக் காடுகளின் நான்கு பேரச்சங்களுள் ஒன்றாக அறிவித்தார். அதன் தொடர்ச்சியான 2005ஆம் ஆண்டு விதி, இயல்பு நிலையையே புரட்டிப்போட்டது: மூடப்பட்டதாக அறிவிக்கப்படாத இடமெல்லாம் திறந்தது என்ற பழைய நிலை போய், வரைபடத்தில் குறிக்கப்படாத இடமெல்லாம் மூடியது என்றாயிற்று. சட்டவாதிகள் இதைக் கல்வியின் தோல்வியை ஒப்புக்கொண்ட ஆவணமாகப் படித்தனர். நடைமுறையில் நடந்தது சற்று முரணானது. பாதைதோறும் பலகை இருக்க வேண்டியதில்லை, இலவச வரைபடத்தைப் பெற்றுப் படித்து அதன்படி செல்வது ஓட்டுநர் பொறுப்பு என்று விதி அமைந்ததால், சட்டத்தின் வெற்றியே வரைபடம் படிக்கத் தெரிந்த ஓட்டுநரைச் சார்ந்ததாயிற்று. கறுப்பு வெள்ளையில், நிலமேடுபள்ளங்கள் பெரிதும் இல்லாமல் அச்சான அவ்வரைபடங்களைக் களத்தில் வைத்துக்கொண்டு எண்ணிடப்படாத கவட்டுப்பாதையில் நிற்பவருக்கு, விதியைப் பின்பற்ற மனமிருந்தாலும் வழி தெரியாது. சட்டம் கல்வியின் இடத்தைப் பிடிக்கவில்லை. புதியதொரு பாடத்தைச் சேர்த்தது.

தடம் எது என்பதிலேயே உடன்பாடில்லாத இடங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. பொதுநிலத்தில் நெடுஞ்சாலை அமைக்க வழியுரிமை தந்த 1866ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு 1976இல் நீக்கப்பட்டது. ஆனால் அதுவரை உருவான உரிமைகள் செல்லும் என்று விடப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டு யூட்டா மாநிலம் 12,000க்கும் மேற்பட்ட தடங்களுக்கு உரிமை கோரியுள்ளது. ஓடைப்படுகையில் மங்கலாகத் தெரியும் இரட்டைக்கோட்டை மாவட்ட நிர்வாகம் சாலை என்கிறது, கூட்டாட்சித் துறை சாலையன்று என்கிறது, கானக ஆர்வலர் காயம் என்கிறார். தடத்தை விட்டு விலகாதே என்ற பாடத்தின் முதல் சொல்லே வழக்கில் இருக்கும்போது ஆசிரியர் எதைக் கற்பிப்பார்? நீதிமன்றமும் இங்கே எளிதில் துணைவருவதில்லை. கானக ஆய்வுப் பகுதிகளில் வாகனக் கேட்டைத் தடுக்க நிலமேலாண்மைச் செயலகம் தவறியதாகத் தெற்கு யூட்டா கானகக் கூட்டணி தொடுத்த வழக்கில், சட்டம் தெளிவாகக் கட்டளையிட்ட தனிச்செயலைச் செய்யுமாறு மட்டுமே துறையைப் பணிக்க முடியும், நிலத்தைக் கெடாமல் பேண வேண்டும் என்ற பொதுக்கடமையை எப்படி நிறைவேற்றுவது என்று பணிக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது.

கற்பித்தலையும் தண்டித்தலையும் விட்டுவிட்டு நிலத்தோற்றத்தையே மாற்றும் வழியொன்று களப்பணியாளர்களிடம் உருவாயிற்று. மூடிய தடத்தின் நுழைவாயில் மண்ணைக் கிளறித் தளர்த்தி, காய்ந்த புதர்க்கிளைகளை உயிருள்ள செடிபோலச் செங்குத்தாக நட்டு, சாலையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவு வரை தடமே தெரியாதபடி செய்துவிடுகிறார்கள். வேலியைப் பார்த்தால் பிடுங்குபவரும் உண்டு. இல்லாத பாதைக்குள் நுழைபவர் அரிது. ஓட்டுநரின் மனச்சான்றையோ அச்சத்தையோ நம்பாத இம்முறை, மேற்சொன்ன உளவியல் முடிவோடு பொருந்துவது கவனத்துக்குரியது: பொய்யான பலகையை அது பிடுங்கிவிடுகிறது. ஆட்செலவு மிகுதி, ஒவ்வொரு நுழைவாயிலாகச் செய்ய வேண்டும் என்பவை இதன் குறைகள்.

திறன் என்னும் இருமுனைக் கத்தி

ஓட்டுநர் பயிற்சியின் தொடக்கம் நிலத்தைக் காப்பதன்று, ஓட்டுபவரின் உயிரைக் காப்பது. மூன்று சக்கரத் திறந்தவண்டிகளின் விபத்துகளை அடுத்து 1988இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையே ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின் பகுதியாகவே வாங்குவோர்க்கான பயிற்சி விரிவாயிற்று. நிலம் அப்பாடத்திட்டத்தில் பின்னிணைப்பாகவே வந்து சேர்ந்தது.

இருந்தும், நல்ல ஓட்டுதல் பல வேளைகளில் மண்ணுக்கும் நல்லது. டயரின் காற்றைக் குறைத்தால் தரையில் படியும் பரப்பு விரிந்து அழுத்தமும் வழுக்கலும் குறைகின்றன. டிஃபரன்ஷியலைப் பூட்டினால் பிடிப்பிழந்த சக்கரம் வீணாகச் சுழன்று குழிபறிப்பதில்லை. வின்ச் கட்டும்போது மரத்தில் கம்பிவடத்துக்குப் பதில் அகலப்பட்டை சுற்றினால் பட்டை உரியாது. ஓடையை உரிய துறையில் மட்டும் குறுக்காகக் கடந்தால் கரை சரியாது. இறங்கி நடந்து பார்த்துவிட்டுச் சென்றால் பாறையைச் சுற்றிப் புதுவழி போட வேண்டியிராது. இவை யாவும் தடத்தின் மேல் ஓட்டுபவருக்கானவை. அதே திறன், முன்பு போக அஞ்சிய இடத்துக்குப் போகும் துணிவையும் தருகிறது. திறனைக் கற்பிப்பதால் ஒரு கிலோமீட்டருக்கான சேதம் குறைந்து, சென்றடையும் கிலோமீட்டர்கள் கூடினால் மொத்த விளைவு எத்திசையில் இருக்கும் என்பது கணக்கிடப்படவில்லை. பாதைகளின் எல்லை முன்பே தீர்மானிக்கப்பட்ட இடங்களில் இக்கேள்வி எழுவதில்லை.

ஐஸ்லாந்தின் ஒப்புமை

விதியும் கல்வியும் ஒருங்கே தெளிவாக உள்ள இடமாக ஐஸ்லாந்தைக் குறிப்பிடலாம். உயர்நிலப் பயணத்துக்குப் பேருருளை ஜீப்புகளை வளர்த்தெடுத்த நாடு அது. எனினும் பாதைக்கு வெளியே ஓட்டுவது அங்கே பொதுவாகக் குற்றம். பனி மூடி நிலம் உறைந்திருக்கும்போதும் பனியாறுகளின் மீதும் ஓட்டலாம் என்பது முதன்மையான விலக்கு. இவ்விதியில் மண்ணறிவியலே சட்டமொழியாகியிருப்பது சிறப்பு: உறைந்த மண் இறுகாது, பனிக்கடியில் பாசி மிதிபடாது. உள்நாட்டார் அறிந்த இவ்விதியை வாடகைக் காரில் வரும் அயல்நாட்டார் மீறும் நிகழ்வுகள் தொடர்கின்றன. எரிமலை மணலிலும் பாசியிலும் விழுந்த தடங்களைக் காவலர்களும் தன்னார்வலர்களும் வாருகோல் கொண்டு கையால் கலைக்கிறார்கள். தடம் எது என்பதில் ஐயமில்லாத நாட்டில் எஞ்சும் மீறல் பெரிதும் அறியாமை சார்ந்தது. அங்கே கல்விக்கு வேலை உண்டு. யூட்டாவின் நிலை அதுவன்று.

எஞ்சி நிற்பவை

மேற்கண்ட நிலைப்பாடுகளைச் சேர்த்துப் பார்க்கையில், பாதை வரையறுக்கப்பட்டு, அது களத்திலும் வரைபடத்திலும் ஒன்றாக இருந்து, நிலமும் ஓரளவு மீளும் தன்மையுடையதாக இருக்கும் இடங்களில் கல்வி நற்பயன் தரும் என்று ஏற்க இடமிருக்கிறது. உயிர்மண் மேலோடு போன்ற ஒருமுறைக்கே கெடும் நிலங்களில் அது தனித்து நின்று காக்கும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. இவ்விரு முனைகளுக்கு இடைப்பட்ட பரந்த நிலப்பரப்பைப் பற்றி உறுதியாகச் சொல்வது கடினம். அதற்கான முதற்காரணம் அளவிடும் முறை. கல்வித்திட்டங்கள் பெரும்பாலும் பயின்றவரின் எண்ணிக்கையாலும், பாடத்துக்குப் பின் அவர் தரும் விடைகளாலும் மதிப்பிடப்படுகின்றன. பயின்றவர் சென்ற நிலம் அரிதாகவே அளக்கப்படுகிறது.

2023 தொடக்கம் முதல் யூட்டா, பொதுநிலத்தில் நெடுஞ்சாலைக்கு அப்பாலான வாகனம் ஓட்டும் வயதுவந்தோரும் இணையவழியிலான இலவசப் பாடமொன்றை முடித்திருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. விருப்பத்தின் பேரிலான கல்வி கட்டாயமாகும்போது, ஏற்கெனவே அக்கறையுள்ளவர் மட்டுமே கற்கிறார் என்ற பழைய குறை நீங்குகிறது. மனமாற்றமின்றித் தேர்வு முடிப்பவர் என்ற புதுக்குறை சேர்கிறது. எது மேலோங்கும் என்பதற்குச் சில ஆண்டுகளின் களச்சான்று வேண்டும். கைப்பேசி வரைபடச் செயலிகளின் தாக்கமும் அவ்வாறே இருதிசைப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பாதை எது என்பதை அவை முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒருவர் விலகிச் சென்ற கோட்டைப் பதிவுசெய்து பகிர்ந்தால் ஆயிரம் பேருக்கு அதையே பாதையாகவும் காட்டிவிடுகின்றன. ஓசையற்ற மின்வண்டிகள் வரும்போது, பிற பயணிகளின் முறையீட்டால் இதுவரை வெளிப்பட்டுவந்த மீறல்கள் வெளிப்படாமலே போகுமா என்பதும் ஆராயப்பட வேண்டியது.

இவற்றுக்கு விடை தேடும் ஆய்வுக்குப் புதிய கருவிகள் பெரிதாகத் தேவைப்படமாட்டா. பாடம் கட்டாயமாவதற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட வான்படங்களில், ஒரே தொகுதியைச் சேர்ந்த கவட்டுப்பாதைகளிலிருந்து புதிதாகப் பிரியும் கோடுகளை எண்ணி, நுழைவாயில் மறைக்கப்பட்டவற்றையும் மறைக்கப்படாதவற்றையும், மேலோடு படிந்த மண்ணையும் வெறுமணலையும் தனித்தனியே ஒப்பிட்டால், தடத்தின் மேல் நிற்கச் செய்வது பாடமா மறைப்பா என்ற வினாவை முதன்முறையாக நிலத்திடமே கேட்க முடியும்.